தொட்டி நிறைந்தால் எங்கே போகிறது?

(களமசேரியில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் நமது சங்க அமைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் குடியிருப்பில் ஒரு காகிதம் சுற்றி வந்தது. மலையாளத்தில் எழுதிய ஆட்சேபணை மனு. மனிதக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று இந்தப் பக்கம் வரப் போகிறது, அது வந்தால் நாற்றமும் நோயும் வரும், ஆகவே அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்று அதைக் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். எந்த இடத்தில், எவ்வளவு பெரியதாக, யார் நடத்துவது என்பதற்கு அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஆயினும் நம்மவர் முப்பது நாற்பது பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். தமிழில் கையெழுத்து, மலையாளத்தில் மனு! படிக்காமலே போட்டதுதான். அதற்காக யாரையும் குறை சொல்ல நாம் வரவில்லை. வீட்டுக்காரர் நீட்டிய காகிதத்தில் வாடகைக்கு இருப்பவன் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியுமா?

ஆனால் அந்தக் காகிதம் ஒரு வீட்டு வாசலில் நின்றபோது அங்கிருந்த மதினி ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து நம்ம கக்கூஸ் தொட்டியை உறிஞ்சிட்டுப் போகுதே லாரி, அது எங்கே போகுது?" காகிதம் கொண்டுவந்தவருக்குப் பதில் தெரியவில்லை. நமக்கும் அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவுதான் இன்றைய பேச்சு. சோறு தின்னும் நேரத்தில் இந்தப் பேச்சா என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். தின்ற சோற்றைப் பற்றிய பேச்சுதான் இதுவும்.

நம் தெருவில் நிலத்தடிச் சாக்கடைக் குழாய் கிடையாது. ஒரு வரிசையில் எட்டுக் குடும்பம், பத்துக் குடும்பம். எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், பின்னால் ஒரு தொட்டி. செப்டிக் டேங்க் என்று சொல்கிறோம். முறையான செப்டிக் டேங்க் என்றால் அடியும் பக்கமும் பூசி, உள்ளே தடுப்புச் சுவர் வைத்து, காற்றுப் போகக் குழாய் நிறுத்தி, வெளிவரும் நீரை மண் உறிஞ்சுவதற்குத் தனிக் குழி வெட்டியிருக்க வேண்டும். கனமானது அடியில் படியும், கொழுப்பு மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடிச் சேற்றை எடுக்க வேண்டும். நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் அடி பூசாத குழி. கோடையில் மண் குடித்துக்கொள்கிறது. மிதுன மாத மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறியதும், குடித்ததை மண் திருப்பிக் கக்குகிறது. மட்டாஞ்சேரிப் பக்கம் இருக்கும் நம் உறவினர்களைக் கேளுங்கள்; அங்கே மூன்றடி தோண்டினால் தண்ணீர்.

கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையில் 7.5 மீட்டர் தூரம் வேண்டும் என்பது கேரளத்துக் கட்டட விதி. ஏறக்குறைய 25 அடி. மூன்று சென்ட் மனையில் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விடுகிற இடத்தில் இந்த 25 அடியை எங்கே போய் அளப்பது? நம் குழி நம் கிணற்றிலிருந்து தள்ளி இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அருகில் இருக்கும். அவர்கள் குழி நமக்கு அருகில் இருக்கும்.

இனி லாரிக்கு வருவோம். ஒரு லாரி 4,000 அல்லது 5,000 லிட்டர் கொள்ளும். பணத்தை வாங்கிக்கொண்டு குழாயை விட்டு உறிஞ்சிவிட்டுப் போகிறார்கள். நேர்மையாக நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பிரம்மபுரத்திலும் வெல்லிங்டன் தீவிலும் இதற்கென்று நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அங்கே போக டீசல் வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். இருட்டில் தோட்டுக் கரையில் வால்வைத் திறந்துவிட்டால் இந்தச் செலவு எதுவும் இல்லை. கண்டெய்னர் ரோட்டு ஓரத்தில் கழிவு லாரிகள் திறந்துவிட்டுப் போன செய்தி பத்திரிகையில் எத்தனை முறை வந்திருக்கிறது! காலையில் அவ்வழியாக வேலைக்குப் போகிற நம் பையன்களுக்குப் பத்திரிகை தேவையில்லை, மூக்கே போதும்.

இங்கே ஒரு தோழர் எழுந்து, "குடிதண்ணீர் எடுப்பது ஆலுவாவில், ஆற்றுக்கு மேல்பக்கம். நம் கழிவு விழுவது கீழே. நமக்கென்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்டதை எண்ணிப் பாருங்கள். நமக்கு மேலே இருப்பவனும் இதையே சொன்னால் ஆலுவாவில் எதை எடுப்பார்கள்? கீழே ஏலூர் இருக்கிறது, வராப்புழை இருக்கிறது, கடமக்குடி இருக்கிறது. அங்கேயும் கூலிக்காரர்கள்தான், மீன் பிடிப்பவர்கள்தான். 2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்களின் முதல் ஒரே இரவில் போயிற்று. தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிட்டது என்றார்கள் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தார். அமோனியாவும் சல்ஃபைடும் அளவுக்கு மேல் இருந்தன என்று கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தார் சொன்னார்கள். ஆலைகளின் பங்கை நாம் மறைக்கவில்லை. ஏலூர் ஆலைக் கழிவுக்கு எதிராக இங்கே பல பத்தாண்டுகளாகப் போராட்டம் நடக்கிறது. ஆனால் ஆலைக்காரனைக் கைநீட்டிக் கேட்கிற நாம், நம் தெருவிலிருந்து போகிற லாரியைப் பற்றியும் வாய் திறக்க வேண்டாமா?

தவிரவும், மேல்பக்கத்துத் தண்ணீர் நம்மிடம் வரும் வழியைப் பாருங்கள். நம் குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வருவதில்லை. நின்றிருக்கும் நேரத்தில் குழாய் காலியாகிறது. காலிக் குழாயில் ஒரு விரிசல் இருந்து, அதைச் சுற்றி ஓடைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அதைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து தண்ணீர் திறக்கும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். 2024-ல் இதே எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூரில் குடிநீர் வழியாக மஞ்சள் காமாலை பரவி 200 பேருக்கு மேல் படுத்தார்கள்; உயிர்களும் போயின. அதே ஆண்டு டிசம்பரில் நம் களமசேரி நகராட்சியிலேயே சில வார்டுகளில் காமாலை பரவியது. ஒரு மாதம் படுத்துக்கிடந்தால் மாதச் சம்பளக்காரனுக்கு லீவு உண்டு. அன்றாடங்காய்ச்சிக்கு என்ன உண்டு? கொல்லத்தில் வேலை பார்க்கும் மாமன் பணம் அனுப்பினால்தான் உலை.

இப்போது இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். இது நமக்கு உறைக்க வேண்டிய பக்கம்.

கேரளத்து நகரங்களில் மலம் அள்ளும் வேலைக்கு முதன்முதலில் யார் கொண்டுவரப்பட்டார்கள்? நம்மவர்கள்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அருந்ததியர் குடும்பங்களை முனிசிபாலிட்டிகள் அழைத்துவந்தன. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் எழுதிய 'தோட்டியின் மகன்' நாவல் ஆலப்புழையில் வாழ்ந்த அப்படிப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்திருக்கிறார். நம் சங்க அலமாரியில் ஒரு பிரதி இருக்கிறது, பக்கம் கிழியாமல் படித்துத் திருப்புங்கள். நம்மைப் பார்த்து "பாண்டி" என்று சிலர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் இந்த வரலாறும் ஒளிந்திருக்கிறது. இன்று வாளி இல்லை, லாரி வந்துவிட்டது. ஆனால் லாரிக் குழாய் அடிச் சேற்றில் அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறார்கள்? "தம்பி, கொஞ்சம் இறங்கி மண்வெட்டியால் தள்ளிவிடு" என்கிறார்கள். அந்தத் தம்பி யார்? நம் பையன். இல்லையென்றால் வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பையன்.

அந்தத் தொட்டிக்குள் இருப்பது வெறும் நாற்றம் அல்ல. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஒரு வாயு இருக்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருக்கும்வரை நாறும். அளவு கூடிவிட்டால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் மயங்கியபோது, அவ்வழியே வந்த ஒரு மலையாளி ஆட்டோ ஓட்டுநர் முன்பின் தெரியாத அவர்களைக் காப்பாற்றக் குதித்தார். மூவருமே மாண்டார்கள். "பாண்டி" என்று சொல்கிறவர்கள் இருக்கும் இதே நாட்டில்தான் அந்த மனிதரும் இருந்தார் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். அந்தச் சாவு சில இளம் பொறியாளர்களை உலுக்கியது. 2018-ல் திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் இயந்திரத்தை அவர்கள் இறக்கிக் காட்டினார்கள். 'பேண்டிகூட்' என்று பெயர், அதாவது பெருச்சாளி. ஆகவே இயந்திரம் இல்லை என்று இனி எந்தக் கான்ட்ராக்டரும் சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஒரு மனிதனைச் சாக்கடையிலோ செப்டிக் தொட்டியிலோ இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டுச் சிறை வரை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஊனமானால் குறைந்தது 10 லட்சம், நிரந்தர ஊனமென்றால் குறைந்தது 20 லட்சம். இந்தத் தொகைகளை நம் பெண்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சாவு வீட்டில் முதலில் வந்து நிற்பவன் இருபத்தைந்தாயிரம் ரூபாயும் ஒரு வெற்றுக் காகிதமும் வைத்திருப்பான்.

ரயில்வேயில் கோப்பு தள்ளுகிற நமக்கு வேறொன்றும் தெரியும். "நிலையத்தில் வண்டி நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர்" என்ற பலகையைப் படிக்காத தமிழன் உண்டா? ஏன் அந்தப் பலகை? எல்லாம் நேரே தண்டவாளத்தில் விழுந்தது. அதை யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு சாதியைச் சேர்ந்தவரே, குனிந்து கூட்டினார். நாடு சுதந்திரம் பெற்று எழுபது ஆண்டுவரை இது நடந்தது. பின்னர் பெட்டிக்கு அடியில் தொட்டி கட்டி, மலத்தைத் தின்னும் நுண்ணுயிர்களை அதில் விட்டார்கள். 2019-20க்குள் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இது வந்துவிட்டது. குறைகள் உண்டு, பயணிகள் பாட்டிலைப் போட்டு அடைக்கிறார்கள், நாறுகிறது. ஆனால் "இது மாறாது, காலங்காலமாக இப்படித்தான்" என்று நம்மிடம் சொன்ன மேலதிகாரிகள் எல்லாம் ரிட்டையர் ஆனார்கள், பழக்கம் மாறிவிட்டது. அதே ரயில்வேயில்தான் இன்னொன்றும் நடந்தது. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டைத் துப்புரவு செய்ய ஒப்பந்தத்தில் இறக்கப்பட்ட ஒரு தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அதற்குள் தோடு யாருடையது, ரயில்வேயினுடையதா மாநகராட்சியினுடையதா என்ற வாக்குவாதம் ஆரம்பமாகிவிட்டது.

சரி, சுத்திகரிப்பு நிலையம் என்றால் என்ன? பெரிய நகரத்துப் பெரிய சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் 6 லட்சம் பேர் இருந்த கொச்சி மாநகரில், நெடுங்காலம் குழாய்ச் சாக்கடைக்கு இருந்த எளங்குளம் நிலையத்தின் அளவே நாளுக்கு 45 லட்சம் லிட்டர்தான். அது மாநகரின் ஒரு சிறு பகுதிக்குத்தான் போதும். 71,000 பேர் கொண்ட களமசேரி முழுவதற்கும் குழாய் பதித்து முடிக்கும்வரை காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்காது. ஆகவே லாரியில் வரும் தொட்டிச் சேற்றை மட்டும் வாங்கிச் சுத்தம் செய்யும் சிறு நிலையம்தான் நமக்கு வழி.

அப்படி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர் வண்டியில் போனவர்கள், மதுராந்தகத்துக்கு முந்திய ஸ்டேஷனாகக் கருங்குழியைப் பார்த்திருப்பீர்கள். சின்னப் பேரூராட்சி. அங்கே 2017-ல் இப்படிப்பட்ட நிலையம் வந்தது. தமிழ்நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது. நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர், அதாவது ஐந்தாறு லாரி. கருங்குழிக்கு மட்டுமல்ல, பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்து. இந்தியாவிலேயே முதலாவது கர்நாடகத்துத் தேவனஹள்ளியில் 2015-ல் வந்தது. அது இன்னும் சிறியது, நாளுக்கு 6,000 லிட்டர்தான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும்படி கட்டியிருப்பதால் ஓட்டுவதற்குக் கரண்டுகூட அவ்வளவாக வேண்டாம்.

செய்முறை நம் கொத்தனார்களுக்குச் சொன்னால் உடனே புரியும். லாரி வந்து குழாயை மாட்டிச் சேற்றை உள்ளே விடும். துணி, பிளாஸ்டிக் எல்லாம் கம்பி வலையில் தங்கிவிடும். பிறகு சேறு, ஜல்லியும் மணலும் பரப்பிய பாத்திகளுக்குப் போகும். நெல் காயப்போடும் களம் மாதிரி. தண்ணீர் மணல் வழியாகக் கீழே இறங்கும், கட்டி மேலே தங்கிக் காயும். இறங்கிய நீரை அப்படியே விடக்கூடாது. அதைத் தனியே வடிகட்டிச் சுத்தம் செய்து மரஞ்செடிக்குப் பாய்ச்சலாம். காய்ந்த கட்டியைக் குப்பை உரத்தோடு சேர்த்து மக்கவைத்தால் உள்ளே ஏறும் சூட்டில் புழு முட்டைகள் சாகும். பிறகு அது வயலுக்கு எரு. இதில் எந்த இடத்திலும் மனிதன் தொட்டிக்குள் இறங்க வேண்டிய அவசியம் இல்லை.

கருங்குழியை அப்படியே பெயர்த்துக் களமசேரியில் வைத்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. அங்கே வெயில் காய்கிறது. இங்கே இடவப்பாதியும் துலா மழையும் சேர்ந்து ஆண்டில் பாதி ஈரம். பாத்திக்குக் கூரை போட வேண்டும், அல்லது சேற்றைப் பிழிகிற இயந்திரம் வைக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலே இருப்பதால் அடி பூசாத பாத்தி ஆகவே ஆகாது. இதையெல்லாம் மனுவில் கேட்க வேண்டும். "வராதே" என்ற மனுவில் இவற்றைக் கேட்க முடியுமா?

எதிர்ப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. 2022-ல் கோழிக்கோட்டு ஆவிக்கல் தோட்டில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எதிராகக் கடற்கரை மக்கள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேட்டது என்ன? நெருக்கமான ஏழைக் குடியிருப்பு நடுவில்தான் இதற்கு இடம் கிடைத்ததா என்று கேட்டார்கள். அது நாம் தூக்கி எறிய வேண்டிய கேள்வி அல்ல. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்தபோது பத்து நாளுக்கு மேல் புகையைக் குடித்த ஊர்க்காரர்களுக்கு அதிகாரிகளின் வாக்குறுதி என்றால் எப்படி இருக்கும்? கட்டும் நாளில் மந்திரி வருவார். மூன்றாம் வருடம் பம்பு கெட்டுப்போனால் யார் வருவார்? பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நிலையம் வேண்டாம் என்று நாம் வென்றுவிட்டால் அன்றிரவு லாரி எங்கே போகும்? பழைய இடத்துக்கே போகும். மதினி கேட்ட கேள்வி அப்படியே நிற்கும்.

ஆகவே செயற்குழுவில் மூன்று மணி நேரம் வாதாடி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஒருமனதாக அல்ல, இரண்டு தோழர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதையும் சொல்லிவிடுகிறோம். நிலையம் வந்தால் கான்ட்ராக்டர் நம் பையன்களைத்தான் வேலைக்குக் கூப்பிடுவான், மீண்டும் நம்மை அந்த வேலைக்கே முத்திரை குத்துவார்கள், ஐம்பது வருடம் பாடுபட்டு வெளியே வந்தது வீணாகும் என்றார்கள். அதற்கு நம்மிடம் முழுப் பதில் இல்லை. நிலையத்தில் வேலை செய்பவர் யாராக இருந்தாலும் நகராட்சியின் நிரந்தர ஊழியராக, கையுறையும் காலணியும் மாதச் சம்பளமும் உள்ளவராக இருக்க வேண்டும், ஒப்பந்தக் கூலி கூடாது என்று மனுவில் முதல் கோரிக்கையாகவே வைத்திருக்கிறோம். லாரிக்கு உரிமமும், எங்கே ஏற்றினான் எங்கே இறக்கினான் என்ற ரசீதும் வேண்டும். வரிசை வீட்டுத் தொட்டியைப் பூசித் தருவது வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு, அதைக் காரணம் காட்டி வாடகையை ஏற்றக்கூடாது. இடத்தைத் தீர்மானிக்கும் முன் இங்கே குடியிருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் சிக்கல். வார்டு சபையில் பேச அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். நம்மில் பாதிப்பேருக்கு ஓட்டு தேனியிலும் தென்காசியிலும் இருக்கிறது. ஓட்டு ஊரில், மலம் இங்கே! பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போகிற நாம் மீதி முந்நூறு நாளும் இந்த மண்ணில்தான் தண்ணீர் குடிக்கிறோம். ஓட்டை இங்கே மாற்றினால் ஊரில் ரேஷனும் பட்டாவும் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. வாக்காளர் பட்டியல் வேறு, பட்டா வேறு. ஓட்டை மாற்றியதால் நிலம் போகாது. ரேஷன் அட்டை விஷயத்தில் ஒவ்வொருவர் நிலைமையும் வேறு, அதைச் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஓட்டு இங்கே உள்ளவர்கள் எத்தனை பேர் என்று இதுவரை நாம் கணக்கெடுக்கவே இல்லை, அது நம் தவறு.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அந்தக் கணக்கெடுப்பு ஆரம்பமாகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெண், ஒரு இளைஞர். தொட்டி எத்தனை, பூசியதா பூசாததா, கிணறு எத்தனை அடி தள்ளி, கடைசியாக எப்போது எடுத்தது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அளக்கும் நாடா இரண்டு இருக்கிறது, கொத்தனார்கள் தங்கள் நாடாவையும் கொண்டுவாருங்கள். பழைய காகிதத்தில் கையெழுத்திட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம், புதிய மனுவிலும் போடலாம். மனுவைத் தமிழில் எழுதிவிட்டோம்; பத்தாம் வகுப்பில் மலையாளம் படிக்கும் நம் பெண் பிள்ளைகள் நால்வர் அதை மலையாளத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதி முடித்ததும் முதலில் அந்த மதினிக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.